நாகேஷை முழுப்படங்களில் பார்த்துக் குறிப்பெழுதுவது எப்படி

நகைச்சுவை நடிகர் நாகேஷ் நடித்துக் காட்டிய தருமியின் புலம்பல், செல்லப்பா சொல்லும் பேய்க்கதை, வைத்தியின் தரகுப் பேச்சு ஆகிய மூன்றையும் அறியாத தமிழர் குறைவு. ஆனால் இன்று பெரும்பாலோர் அவற்றைப் பார்ப்பது ஐந்து நிமிடத் துணுக்குகளாகத்தான். படத்திலிருந்து நகைச்சுவையை மட்டும் நறுக்கியெடுத்த துணுக்கு நம்மைச் சிரிக்க வைத்துவிடுகிறது. அந்த ஆள் ஏன் இவ்வளவு பதறுகிறான், யாரிடம் எதற்காகக் கைகட்டி நிற்கிறான், கேட்டது கிடைக்காவிட்டால் அவனுக்கு என்ன ஆகும் என்பவையெல்லாம் வெட்டுப்பட்ட பகுதியோடு போய்விடுகின்றன. நாகேஷின் நடிப்பில் சிரிப்புக்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அவருடைய சிறந்த வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், தன்னைவிட மேலான இடத்தில் இருப்பவரிடம் எதையோ கேட்டு நிற்கும் ஒருவனையே அவர் திரும்பத் திரும்ப நடித்திருப்பது தெரியவரும். தருமி ஆண்டவனிடம் ஆயிரம் பொன் கேட்கிறான். செல்லப்பா அப்பாவிடம் படமெடுக்கப் பணம் கேட்கிறான். ‘எதிர்நீச்சல்’ படத்தின் மாது ஒவ்வொரு குடித்தனத்தின் வாசலிலும் சாப்பாட்டுக்கு நிற்கிறான். கேட்பவனின் உடம்பு எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய நடிகர் தமிழில் வேறொருவர் இல்லை என்பது என் கருத்து. அதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளும் விதமாக, எந்தப் படங்களை எந்த வரிசையில் எப்படிப் பார்ப்பது, எவற்றைக் குறித்துக்கொள்வது என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் அவருக்கு முந்தைய இரண்டு பேரைப் பார்த்துவிட வேண்டும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1957இல் மறைந்தபின், தமிழ்த் திரையின் நகைச்சுவையைத் தாங்கி நின்றவர்களுள் முதன்மையானவர்கள் கே. ஏ. தங்கவேலுவும் ஜே. பி. சந்திரபாபுவும். தங்கவேலுவுக்கு 1959இல் வந்த ‘கல்யாணப் பரிசு’ போதும். எழுத்தாளர் பைரவன் என்று மனைவியிடம் கதை அளக்கும் அந்த வேடத்தில் அவர் உடலை அதிகம் அசைப்பதே இல்லை, எல்லாம் குரலின் ஏற்ற இறக்கத்தில் நடந்துவிடுகிறது. சந்திரபாபுவுக்கு 1958இல் வந்த ‘சபாஷ் மீனா’. அங்கே உடல்தான் முதலில் வருகிறது. மேற்கத்திய நடனமும் பாட்டும் அவருக்குக் கைவந்தவை. இவ்விரண்டையும் பார்த்த பிறகு நாகேஷிடம் வந்தால், குரலும் உடலும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து இயங்குவதை எளிதில் அடையாளம் காணலாம். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஒருவரோடு ஒப்பிட்டு அவரைத் தமிழகத்தின் ஜெர்ரி லூயிஸ் என்று அழைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒல்லியான உடம்பும் துள்ளலும் தவிர அந்த ஒப்பீடு எதையும் விளக்குவதில்லை என்பதால் அதை ஓரமாக வைத்துவிடலாம்.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாகத் தெரிந்திருந்தால் போதும். 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தாராபுரத்தில், கன்னடம் பேசும் குடும்பமொன்றில் பிறந்தார். வீட்டில் அழைத்த பெயர் குண்டுராவ். அம்மைத் தழும்பேறிய முகம், மெலிந்த தேகம். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே சென்னையில் நாடகங்களில் நடித்தார். வயிற்றுவலிக்காரராக மேடையேறிய சிறு வேடத்தைக் கண்டு எம்.ஜி.ஆர். பாராட்டியது பலராலும் சொல்லப்படும் செய்தி. கவிஞர் வாலியும் நடிகர் ஸ்ரீகாந்தும் அக்காலத்தில் அவரோடு தியாகராய நகரில் ஒன்றாகத் தங்கியிருந்தவர்கள். வாய்ப்புக் கேட்டு அலையும் இளைஞர்களின் அந்த அறை வாழ்க்கை, பின்னாளில் அவர் நடித்த வேடங்களுக்குள் எவ்வளவு இறங்கியது என்று ஊகிப்பது எளிது. எனினும் குறிப்பேட்டில் ஊகத்தை ஊகம் என்றே எழுதி வையுங்கள்.

பிரதியைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பகுதியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நாகேஷுக்கு இது மிக முக்கியம். அறுபதுகளின் தமிழ்ப்படங்களில் மிகப் பெரும்பாலானவை ஏறத்தாழ 4:3 அளவுள்ள சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகன்ற திரையை நிரப்புவதற்காக அவற்றை 16:9 அளவுக்கு மாற்றும்போது, மேலும் கீழும் வெட்டப்பட்டு உயரத்தில் ஏறக்குறையக் கால் பங்கு காணாமல் போகிறது. காதல் வசனத்தை முகத்தருகே எடுத்த காட்சிகளில் இதனால் பெரிய இழப்பில்லை. முழங்காலாலும் பாதத்தாலும் நடிக்கும் ஒருவருக்கு அது பேரிழப்பு. ஆகவே இருபக்கமும் கறுப்புப் பட்டையோடு ஓடும் பிரதி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் போடும் இடத்தில் பெயர்களின் மேல்வரியோ கீழ்வரியோ பாதி அறுபட்டிருந்தால், அது வெட்டப்பட்ட பிரதி என்று உடனே தெரிந்துவிடும். பக்கவாட்டில் இழுத்து நிரப்பிய பிரதியாக இருந்தால் எல்லோரும் குட்டையாகவும் பருத்தும் தெரிவார்கள், நாகேஷே பருத்துத் தெரிந்தால் பிரதியை மாற்றிவிடுங்கள். படத்தின் மொத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைக்காட்சிக்காகச் சுருக்கிய பிரதிகளில் முதலில் கத்தரிக்கப்படுவது, கதைக்கு வேண்டாதது என்று கருதப்படும் நகைச்சுவைப் பகுதியாகவே இருக்கக்கூடும்.

ஒரு காட்சியை மூன்று முறை பார்த்தல்

பயிற்சிக்கு மிகப் பொருத்தமானது 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’. செல்லப்பா ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் படமெடுக்கத் துடிக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளை. பணம் அப்பா விஸ்வநாதனிடம் இருக்கிறது, அவர் தரமாட்டார். அப்பாவாக நடித்தவர் டி. எஸ். பாலையா. படத்தை முதலிலிருந்து பார்த்து, இந்தப் பணத்தகராறு எப்படி வளர்கிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, மகன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்துக்கு வாருங்கள்.

முதல் முறை எல்லோரையும் போலச் சிரித்துக்கொண்டே பார்த்துவிடுங்கள். இரண்டாம் முறை ஒலியை முழுதும் நிறுத்திவிட்டு, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள். சிரிக்க வைப்பவரைப் பார்க்காமல் இருப்பது கடினம். கையால் திரையின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டாவது செய்து பாருங்கள். வேண்டாவெறுப்பாகக் கேட்க ஆரம்பிக்கும் ஒரு பெரிய மனிதர், சிறிது சிறிதாகத் தன் கௌரவத்தை மறந்து, கடைசியில் குழந்தையைப் போல அஞ்சி ஒடுங்கும் வரை அந்த முகத்தில் எத்தனை நிலைகள் கடந்து போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வில்லனாகவே பல படங்களில் மிரட்டிய பாலையாவை மிரள வைக்கும் இந்த வேலை நாகேஷ் ஒருவரால் முடிந்ததன்று. பாலையா தன்னை ஒப்புக்கொடுத்ததால் முடிந்தது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். கதையின் சத்தங்களை நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். அவற்றுக்கும் வசனத்துக்கும் நடுவே அவர் விடும் இடைவெளி ஒரே அளவாக இருப்பதில்லை. பாலையாவின் பதில் வருவதற்குச் சற்று முன்னரே அடுத்ததைத் தொடங்கும் இடங்களும், பதில் வந்த பிறகும் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கும் இடங்களும் உண்டு. இதைக் காதால் பிடித்துவிட்டால் மற்றப் படங்களில் அவருடைய தாளம் தானாகவே தெரிய ஆரம்பிக்கும். தவிலுக்குப் பழகிய காது சபையில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் தாளம் சற்றே தப்பினால் நிமிர்வது போன்றது அது.

குறிப்பேட்டில் வசனத்தை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வசனம் எங்கும் கிடைக்கும். யார் நிற்கிறார், யார் அமர்ந்திருக்கிறார், இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம், அந்தத் தூரம் எந்தச் சொல்லில் குறைகிறது, கைகள் எங்கே இருக்கின்றன என்பவற்றை எழுதுங்கள். படத்தின் நகைச்சுவை வசனத்தில் சித்ராலயா கோபுவின் கைவண்ணம் உண்டு என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். நடிகரைப் புகழும் வேகத்தில் எழுதியவரை விட்டுவிடுவது நம் வழக்கமான தவறு.

தருமியும் வைத்தியும்

ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ 1965இல் வெளிவந்தது. செண்பகப் பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு என்ற அறிவிப்பைக் கேட்ட ஏழைப் புலவன், கோயிலுக்குள் வந்து தனியே புலம்புகிறான். இந்தக் காட்சியைத் துணுக்காகப் பார்ப்பவர்கள் இறைவனும் தருமியும் கேள்வி பதில் நடத்தும் இடத்திற்கு நேரே போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் எதிரே யாருமே இல்லாமல் நாகேஷ் நடந்துகொண்டு பேசும் பகுதிதான் உற்றுப் பார்க்கத் தக்கது. அங்கே எதிர்நடிகர் இல்லை. ஆனாலும் அவர் தனியாகப் பேசுவதில்லை. கடவுளிடம் முறையிடும்போது ஒரு திசை, தன் தலைவிதியை நொந்துகொள்ளும்போது ஒரு திசை, பரிசை வேறு எவனோ தட்டிக்கொண்டு போவதைக் கற்பனை செய்து பதறும்போது ஒரு திசை என்று பார்வையைப் பிரித்துக்கொண்டு, வெற்று மண்டபத்தில் ஆட்களை நிறுத்திவிடுகிறார். அந்தத் திசைகளை ஒரு தாளில் அம்புக்குறிகளாகப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு ஒழுங்கோடு செய்திருக்கிறார் என்பது விளங்கும்.

அதன்பின் சிவாஜி கணேசன் வருகிறார். இப்போது மறுபடியும் எதிர்நடிகரைப் பாருங்கள். அவ்வளவு பெரிய நடிகர், இறைவன் வேடத்தில், மிகக் குறைவாக அசைந்து நிற்கிறார். அந்த நிதானம்தான் தருமியின் துடிப்பை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. பிறகு அரசவை. கொங்குதேர் வாழ்க்கை என்று தொடங்கும் குறுந்தொகைப் பாட்டைப் படித்து முடித்துப் பரிசு கைக்கெட்டும் நேரத்தில், நக்கீரராக நடித்த நாகராஜனே குறுக்கிடுகிறார். பாட்டில் எவ்வளவு பிழை இருக்கிறதோ அதற்கேற்பப் பரிசைக் குறைத்துக்கொள்ளலாமே என்று தருமி பேரம் பேசும் இடத்தில் திரையரங்கமே சிரிக்கும். சிரித்து முடித்ததும் இன்னொரு முறை பாருங்கள். அவனுக்குப் புலமைப் பெருமை வேண்டியதில்லை, அடுப்பெரிய வேண்டும். பேரத்தின் ஒவ்வொரு படியிலும் குரல் தாழ்ந்துகொண்டே வருகிறது. முழுப்படத்தோடு பார்க்கும்போது, சங்கப் புலவரும் சிவனும் மோதும் பெரிய வழக்கில் நடுவே மாட்டிக்கொண்ட ஒரே சாதாரண மனிதன் அவன்தான் என்பது துலங்குகிறது.

அடுத்து 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரின் திரைவடிவம். இயக்கம் மீண்டும் நாகராஜன். தருமியைவிட வைத்தியை நான் ஒரு படி மேலே வைப்பேன். காரணம், வைத்தி தனக்காகக் கேட்பவனில்லை. அடுத்தவருக்காகக் கேட்டு நடுவில் பிழைப்பவன். சிங்கபுரம் மைனரிடம் ஒரு முகம், மதன்பூர் மகாராஜாவிடம் ஒரு முகம், மோகனாவின் தாய் வடிவாம்பாளிடம் வேறொரு முகம். பெரிய இடத்தில் முதுகு தானாக வளைகிறது. அங்கிருந்து திரும்பி வடிவாம்பாளிடம் வந்ததும் அதே முதுகு நிமிர்ந்து, அந்தப் பணக்காரரின் அந்தஸ்தைத் தானே உடுத்திக்கொண்டவன் போல் பேசுகிறான். சி. கே. சரஸ்வதியின் முகத்தில் ஆசை மெல்ல மெல்ல ஏறுவதை இங்கேயும் தனியாகப் பாருங்கள். வைத்தியின் சொல் எங்கே பலிக்கிறது என்பதை அந்த முகம்தான் சொல்கிறது. துணுக்கில் வைத்தி வெறும் வேடிக்கைக்காரன். முழுப்படத்தில் அவன் ஒரு பெண்ணை விலைபேசுகிறவன், கதையின் துன்பங்களில் பெரும்பகுதிக்கு வழி வெட்டுகிறவன். நாம் அவனைப் பார்த்துச் சிரித்ததே நமக்கு உறுத்தும்படி நாகேஷ் நடித்திருக்கிறார் என்பதை, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்தவர்களால் மட்டுமே உணர முடியும்.

பாலசந்தரோடு சேர்ந்த வரிசை

கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே நாடகம் எழுதி இயக்கிய கே. பாலசந்தர், நாகேஷிடம் சிரிப்புக்கு அப்பால் ஒன்றைக் கண்டவர். அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ நாடகம் 1964இல் ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. ஓட்டலில் பரிமாறும் சுந்தரம், வசதியான வீட்டுப் பெண் காட்டும் பரிவைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். பின்னர் திரைப்பட நகைச்சுவை நடிகனாகப் புகழ் பெறுகிறான். கையில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு வரும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் அடுக்கைப் பார்க்காமல் கால்களைப் பாருங்கள். மேலே ஆபத்தும் கீழே அலட்சியமும் ஒரே உடம்பில் இருக்கின்றன. இதே படத்தில் ‘அவளுக்கென்ன’ பாடல் ஒலிப்பதிவாகும் விதமும் காட்டப்படுகிறது, எம். எஸ். விஸ்வநாதனும் டி. எம். சௌந்தரராஜனும் திரையிலேயே தோன்றுகிறார்கள். பாட்டுக்குக் குரல் கொடுப்பவரையும் வாயசைத்து ஆடுபவரையும் மாறி மாறிக் காட்டும் துணிச்சல் அன்றைய படங்களில் அரிது. ஆடுபவர் அந்த ஒப்பீட்டில் சிறிதும் குறைந்து போகாததைக் கவனியுங்கள்.

1965இல் பாலசந்தர் இயக்குநராக அறிமுகமான ‘நீர்க்குமிழி’யில் நாகேஷே கதைநாயகர். மருத்துவமனையை விட்டு அதிகம் வெளியே போகாத இந்தப் படத்தில் அவர் குறும்புக்கார நோயாளி சேது, நோய் புற்றுநோய். நான் மேலே சொன்ன ‘கேட்பவன்’ என்ற அளவுகோல் இங்கே பொருந்தாது என்பதையும் நேர்மையாக எழுதிக்கொள்ள வேண்டும். சேது யாரிடமும் எதையும் கேட்பதில்லை, சுற்றியிருப்பவர்களுக்குச் சிரிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். முன்னதாக 1962இல் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் அவர் ஏற்ற மருத்துவமனை ஊழியர் வேடத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மூன்றே ஆண்டுகளில் ஒரு நடிகரிடம் படவுலகம் எதிர்பார்த்தது எவ்வளவு மாறிவிட்டது என்று தெரியும். 1966இல் ‘மேஜர் சந்திரகாந்த்’. தங்கையை ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு, பார்வையற்ற மேஜரிடம் அடைக்கலம் புகும் தையற்காரர் வேடம். இங்கே நகைச்சுவைக்கு இடமே மிகக் குறைவு.

இந்த வரிசையின் உச்சம் 1968இல் வந்த ‘எதிர்நீச்சல்’. பல குடித்தனங்கள் வாழும் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்சச் சோற்றில் வயிற்றைக் கழுவி, படித்து முன்னேற நினைக்கும் அனாதை மாது. ஒவ்வொரு குடித்தனத்தின் வாசலிலும் அவன் நிற்கும் விதத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள். பட்டு மாமி, கிட்டு மாமா வீட்டு வாசலில் நிற்கும் உரிமை வேறு. அதட்டல் வரும் வாசலில் நிற்கும் ஒடுக்கம் வேறு. குரலை எவ்வளவு உயர்த்தலாம், நிலைப்படியைத் தாண்டலாமா கூடாதா என்பது ஒவ்வோரிடத்திலும் அளந்து செய்யப்பட்டிருக்கிறது. நாடகத்திலிருந்து வந்த படம் என்பதால் வசனம் அதிகம்தான். ஒலியை நிறுத்திப் பார்க்கும் பயிற்சி இந்தப் படத்துக்குக் கூடுதல் பலன் தரும்.

எம்.ஜி.ஆர். படங்களுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும்: 1966இல் வந்த ‘அன்பே வா’. முதலாளி ஊரில் இல்லாத வேளையில் அவருடைய மாளிகையை வாடகைக்கு விட்டுவிட்ட பணியாள் ராமையா, வந்திருப்பவர்தான் முதலாளி என்று அறியாமல் அவரிடமே வாடகை வாங்கி அதிகாரம் செய்கிறான். கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் உள்ள இடம் தலைகீழானது அவனைத் தவிர நமக்கெல்லாம் தெரியும். ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) இரட்டை வேடத்துக்காகவும் தூத்துக்குடிப் பேச்சுக்காகவும் பார்க்க வேண்டியது. இருவரையும் ஒரே நடிகர் நடைவேறுபாட்டாலேயே பிரித்துக் காட்டுவதை, ஒலியில்லாமல் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

இந்தி மறு ஆக்கங்களோடு ஒப்பிடுதல்

ஒரு நடிகர் ஒரு வேடத்துக்குக் கொடுத்தது என்ன என்று அறிய, அதே வேடத்தை இன்னொருவர் செய்ததைப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. நாகேஷின் விஷயத்தில் நமக்கு அந்த வசதி ஏராளமாக இருக்கிறது. ‘காதலிக்க நேரமில்லை’ இந்தியில் 1966இல் ‘பியார் கியே ஜா’ ஆனது, இயக்கியவரும் ஸ்ரீதரே. ‘சர்வர் சுந்தரம்’ 1971இல் ‘மைன் சுந்தர் ஹூன்’ ஆகவும், ‘எதிர்நீச்சல்’ அதே ஆண்டில் ‘லாகோன் மேன் ஏக்’ ஆகவும் வந்தன. ‘அனுபவி ராஜா அனுபவி’ 1973இல் ‘தோ பூல்’ ஆயிற்று. நான்கிலும் நாகேஷின் இடத்தில் இந்தி நகைச்சுவை நடிகர் மெஹ்மூத். முதலில் பேய்க்கதைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அப்பா ஓம் பிரகாஷ். இயக்குநர் ஒருவரே, காட்சியின் கட்டமைப்பும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், வேறுபாடு தெரியும் இடமெல்லாம் நடிகர்களுடையது. மெஹ்மூத் பெரும் கலைஞர். யார் சிறந்தவர் என்ற பட்டிமன்றத்தில் இறங்கினால் ஒப்பீட்டின் பயன் கெட்டுவிடும். கதை சொல்பவர் எதிரே இருப்பவரின் முகத்தை எத்தனை முறை பார்க்கிறார் என்பதை மட்டும் இரண்டிலும் எண்ணுங்கள். உங்களுக்கு வேண்டிய விடை பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும்.

பிற்காலம்

எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து வந்த படங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. பல படங்களில் அவருக்கு வேலையே இல்லை. ஐந்தைச் சொல்கிறேன். 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் குடிப்பழக்கமுள்ள மருத்துவராக வந்து, சுவரில் விழும் தன் நிழலோடு கோப்பையை உயர்த்தும் காட்சி. எதிரே யாருமில்லாத இடத்தில் ஆளை உண்டாக்கும் தருமியின் வித்தை இங்கே கசப்போடு திரும்பி வருகிறது. 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’. சிங்கீதம் சீனிவாச ராவ் அவரைக் கொடூரமான வில்லனாக்கினார். வாழ்நாளெல்லாம் கேட்டு நின்றவர் இப்போது மேலே அமர்ந்து அடுத்தவரைக் கெஞ்ச வைக்கிறார். வளைந்து வளைந்து பழகிய அந்த உடம்பு நிமிர்ந்து அமைதியாக இருப்பதே அச்சம் தருகிறது. மறு ஆண்டு ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தில் கையாடல் செய்துவிட்டு விழிக்கும் அவினாசி. 1994இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாகவே நடித்தார். வசனமில்லை, பார்வையில்லை, எதிர்வினையுமில்லை. மற்றவர்கள் தூக்கியும் சாய்த்தும் இழுத்தும் செல்லும்போது உடம்பின் கனத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்க வைக்கிறார். அந்தக் கனம் எந்த மூட்டில் மடிகிறது, எங்கே மடியாமல் விறைக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தக்க காட்சி அது.

அதே 1994இல் கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய ‘நம்மவர்’. மகளை இழந்து நிலைகுலையும் கல்லூரிப் பேராசிரியர் வேடத்துக்காகச் சிறந்த துணைநடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. இதை மற்றவற்றுக்குப் பின்னால் பார்ப்பது நல்லது. அழுகையை அவர் எப்படித் தொடங்குகிறார் என்பதைக் காட்டிலும், அழுகைக்கு முன்னால் பேச்சின் தாளம் எங்கே தப்புகிறது என்று கேளுங்கள். முப்பது ஆண்டுகள் சிரிப்புக்காகப் பயன்படுத்திய அதே இடைவெளிகள்தான் அங்கேயும் வேலை செய்கின்றன. 2008இல் வந்த ‘தசாவதாரம்’ படத்தில் நடித்தபின், 2009 ஜனவரி 31 அன்று சென்னையில் காலமானார். பத்ம விருது எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை.

செய்திகளைச் சரிபார்த்தல்

நாகேஷைப் பற்றிய துணுக்குச் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. இன்ன காட்சி இத்தனை மணி நேரத்தில் எடுக்கப்பட்டது, இன்ன வசனம் அவர் அந்த இடத்திலேயே சேர்த்தது, அதைக் கேட்டு இன்ன பெரிய நடிகர் இப்படிச் சொன்னார் என்று ஒரே செய்தி நான்கு வடிவங்களில் உலவும். ஒவ்வொன்றையும் எழுதும்போது சொன்னவர் யார், அவர் அந்தப் படப்பிடிப்பில் இருந்தவரா, எத்தனை ஆண்டுகள் கழித்துச் சொன்னார் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். விடை கிடைக்காத செய்தியை விட்டுவிடலாம், கட்டுரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆயிரம் படங்களில் நடித்தார் என்ற எண்ணையும் பட்டியல் போடாமல் எடுத்தாள வேண்டாம். ஆண்டுகளுக்கும் பெயர்களுக்கும், தமிழ்ப்படத் தகவல்களைத் திரட்டிவைத்த பிலிம் நியூஸ் ஆனந்தனின் தொகுப்பைப் பார்க்கலாம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் படத்தின் பாடல்களோடு கதைச்சுருக்கத்தையும் அச்சிட்ட பழைய பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்படுகின்றன. மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும் அந்தக் கதைச்சுருக்கங்களில் நகைச்சுவைப் பாத்திரம் குறிப்பிடப்படுகிறதா இல்லையா என்று பார்ப்பதே ஒரு நல்ல சோதனை. குறிப்பிடப்பட்டிருந்தால் அவர் கதைக்குள் இருந்தார். இல்லாவிட்டால் தனியாக எழுதி ஒட்டவைத்த பகுதியில் இருந்தார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அவருக்குப் பின்னால்

ஒரு நடிகரின் தாக்கத்தை எழுதும்போது, இவர் அவரைப் போலவே நடிக்கிறார் என்று முகபாவங்களை ஒப்பிடுவது எளிது. அதனால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. கேட்பவன் என்ற அந்த வேடம் யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பின்தொடர்வது அதைவிட உருப்படியான வேலை. கவுண்டமணியும் செந்திலும் சேர்ந்த காட்சிகளில் அந்த வேடம் இரண்டாகப் பிளந்து, அதட்டுபவர் ஒருவர், நின்று கேட்டு அடி வாங்குபவர் மற்றொருவர் என்று ஆகிறது. வடிவேலுவிடம் அது மறுபடியும் ஓர் ஆளுக்குள் திரும்புகிறது: கீழே இருப்பவரிடம் மிடுக்கு, மேலே இருப்பவரைக் கண்டதும் சரிவு. நகைச்சுவை நடிகரைக் கதைநாயகராக்கும் துணிவுக்கு ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘எதிர்நீச்சல்’ ஆகியவற்றிலிருந்து தொடங்கி, 2006இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ வழியாக ஒரு கோடு போடலாம். அந்தக் கோட்டில் 2021இல் வந்த ‘மண்டேலா’வையும் வைத்துப் பாருங்கள். ஊராரின் வீட்டுக்குள்கூட முறையாக நுழைய முடியாத ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை வாக்கு தேர்தலின் முடிவைத் தீர்மானிக்கும் நிலை வந்ததும், ஊர்ப் பெரியவர்கள் அவர் வாசலில் வந்து நிற்கிறார்கள். யோகி பாபு அங்கே எவ்வளவு குறைவாக அசைகிறார் என்றும், கேட்க வந்தவர்களின் முதுகும் கைகளும் என்ன செய்கின்றன என்றும் குறித்துக்கொண்டு, அந்தத் தாளை மாதுவுக்காக எழுதிய தாளின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.